கிணறு உவர்த்த பிறகு கூடுகிற கூட்டம்

திருகோணமலையில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆட்கள் கூடுவது பெரும்பாலும் ஓகஸ்டில்தான். கச்சான் காற்று அடித்து, வாளி கிணற்றின் அடியைத் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் நிலத்தடி நீர் ஞாபகம் வரும். ஐப்பசியில் முதல் மழை விழுந்தால் சரி, அந்தக் கதை அதோடு முடிந்தது. பக்கத்துப் பக்கத்து உள்ளூராட்சிச் சபைகள் சேர்ந்து நிலத்தடி நீரைக் காத்துச் சேமிக்கப் பார்க்கையில் விடுகிற பிழைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. தட்டுப்பாட்டு நேரத்தில் பேசினால் வருவது சண்டைதான்.

அடுத்தது எல்லைக் கோடு. உப்புவெளி ‘பட்டினமும் சூழலும்’ என்கிற பிரிவுக்குள் வருகிறது, நிலாவெளி குச்சவெளிப் பிரிவுக்குள் வருகிறது. நீரை வைத்திருக்கிற மணலுக்கு அந்தக் கோடு தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஹோட்டல் பெரிய மோட்டரைப் போட்டு இழுத்தால், அந்தப் பக்கத்து வெங்காயத் தோட்டக் கிணறு இறங்கலாம். அதற்காக மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் எழுதப் போவதும் பிழைதான். மூதூர் மணலுக்கும் நிலாவெளி மணலுக்கும் நடுவே கொட்டியாரக் குடா கிடக்கிறது. எந்த மணலில் யார் யார் கிணறு வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

“இன்னும் ஆழமாகத் தோண்டு” என்கிற யோசனை இருக்கிறதே, கரையோரத்தில் அதைப்போல ஆபத்து வேறில்லை. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் (இடையில் பாறை வந்துவிட்டால் அதுவும் இல்லை). இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே 25 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 10 மீற்றர் ஏறலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கினார்கள், நல்ல மனதோடுதான். ஆனால் அளவு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பே மேலே வந்தது.

சேமிப்பு என்றதும் தொட்டியும் குளமும்தான் நினைவுக்கு வருகின்றன. மணலும் ஒரு குளம்தான். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிற மழையை வடிகான் வெட்டிக் கடலுக்கு அனுப்புகிறோம், மழைநீர் தேங்கி ஊறுகிற பள்ளக்காணியைக் கிரவல் போட்டு நிரப்பி வீடு கட்டுகிறோம், பிறகு ஏன் வெள்ளம், ஏன் வறட்சி என்று கேட்கிறோம். மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதிலும் அவசரம் கூடாது. கலங்கல் தண்ணீரை அப்படியே விட்டால் மண்துகள் அடைத்துக்கொள்ளும், வீதியில் ஓடிய எண்ணெய்த் தண்ணீரைக் கிணற்றுக்குள் திருப்பவே கூடாது. கரைக்குப் பக்கத்தில் இறக்கினால் அது சீக்கிரம் கடலுக்கே போய்விடும். உள்ளே, மேட்டுப் பக்கமாக இறக்க வேண்டும். அந்த மேட்டுக் காணி பெரும்பாலும் அடுத்த சபையின் எல்லைக்குள் இருக்கும் என்பதுதான் சிக்கலே.

அப்புறம், குழாய்த் தண்ணீர். கந்தளாயிலிருந்து வருகிறதே, இனிக் கிணறு எதற்கு என்று நினைக்கிறார்கள். என் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. குழாய் வந்த பிறகு பாவனை கூடியது, கூடிய கழிவுநீர் முழுக்க மலசலகூடக் குழி வழியாக அதே மணலுக்குள் போனது. அந்தக் கழிவிலிருந்து கிணற்று நீரில் கலக்கிற நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, கொதிக்க வைத்தாலும் அது போகாது. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் குழி வெட்டினால் போதும் என்று மேசன் சொல்வார். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காத 50 அடி எதற்கு?

செலவை யார் தருவது என்று எழுதி வைக்காத ஒப்பந்தம் ஒரு கோடைக்குக்கூட நிற்காது. ஜெனீவாவில் சுவிஸ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே நிலத்தடி நீரைக் குடிக்கிறார்கள். 1978இல் கையெழுத்திட்டு, ஆர்வ் ஆற்று நீரைச் சுத்திகரித்து நிலத்துக்குள் இறக்குகிறார்கள். பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 50 லட்சம் கன மீற்றர் வரம்பு, அதில் 20 லட்சத்துக்குக் கட்டணமில்லை என்று அந்த 1978 ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கத்து நிர்வாகங்களே இப்படி எழுதி வைத்திருக்கும்போது, பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற இரண்டு சபைகளுக்கு என்ன தடை?

கடைசியாக ஒன்று: அளக்காமல் பேசுவது. ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் ஒருவர் கணக்கை மற்றவர் நம்பமாட்டார். இரு பக்கமும் சில பொதுக் கிணறுகளைத் தெரிவுசெய்து, மாதம் ஒருமுறை அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தையும், சின்னக் கருவியால் உப்பைக் காட்டுகிற மின்கடத்துதிறனையும் பார்த்து ஒரே கொப்பியில் எழுதினால் போதும். ஒரு சபையின் ஆள் அளக்கட்டும், மற்றச் சபையின் ஆள் எழுதட்டும். அளக்கத் தொடங்குவதானால் மாரிக்கு முன்னால், கிணற்று நீர் ஆகக் கீழே நிற்கும்போது.