வெளிநாட்டு வேலையா? காசு கட்ட முன் கடதாசியைப் படியுங்கள்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடியில் ஒரு சின்னக் கொமினிகேசன் நடத்துகிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம், இவைதான் வேலை. வெளிநாடு போகிறவர்களின் கடதாசிகள் எப்படியும் எங்களைப் போன்ற கடைகளுக்கு வந்துதான் போகும். வேலைக் கடிதம், விசா, டிக்கெட், வங்கி ஸ்லிப் என்று பார்த்துப் பார்த்து, எது ஒழுங்கானது, எது ஏமாற்று என்று இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் காசு வாங்குகிறவர் முகம் தெரியாதவராக இருப்பது குறைவு. பெரியம்மாவின் மருமகனாக இருப்பார், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவராக இருப்பார், கட்டாரில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவராக இருப்பார். ஏஜென்சிக்காக ஊரில் ஆள் பிடிக்கும் இவரைச் சப் ஏஜென்ட் என்பார்கள். சில நேரம் அவரே கொழும்பில் உள்ள ஒருவனை நம்பி ஏமாந்துகொண்டிருப்பார். அதனால் ‘அவர் நல்ல மனிசன், பொய் சொல்லமாட்டார்’ என்பதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. மனிசன் நல்லவராகவே இருக்கட்டும், வேலை உண்மையா என்பதுதான் கேள்வி.

சொந்தக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். சந்தேகப்படுகிறான் என்று கோபிப்பார்களே என்ற பயம். அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசனம் இது: “மாமா, டி.எஸ். ஒபிஸில விசாரிக்கப் போறன், ஏஜென்சிட பேரும் லைசன்ஸ் நம்பரும் தாங்க.” டி.எஸ். ஒபிஸ் என்றால் பிரதேச செயலகம். இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. உண்மையான ஏஜென்சிக்கு ஆள் பிடிப்பவர் என்றால் உடனே தருவார். “அதெல்லாம் தேவையில்ல மனே, நான் இருக்கன்தானே” என்று பதில் வந்தால், அங்கேயே நிற்பாட்டுங்கள்.

நம்பர் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். உரிமம் உள்ள ஏஜென்சிகளின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. இணையம் பார்க்கத் தெரியாவிட்டால் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, ஏஜென்சிக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டுக்கு, அந்த வேலைக்குப் பணியகம் அனுமதித்த ஜொப் ஓடர், அதாவது ஆள் வேண்டும் என்று அங்குள்ள முதலாளி கேட்டனுப்பிய கடதாசி, அவர்களிடம் இருக்க வேண்டும். இரண்டு, வேறு ஒரு ஏஜென்சியின் பெயரையும் நம்பரையும் தன்னுடையது போலக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மாமா தந்த போன் நம்பருக்கு எடுக்காமல், பணியகத்தின் பட்டியலில் இருக்கும் தொலைபேசிக்கு எடுத்து, “இன்ன பெயருடைய ஆள் உங்களுக்காகக் காசு வாங்குகிறாரா?” என்று நேராகக் கேளுங்கள்.

கொரியாவில் தொழிற்சாலை வேலை என்றால் இவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை. மொழிப் பரீட்சை எழுதி, பணியகத்தின் ஊடாகப் போகும் அரசாங்க வழிதான் அது. நடுவில் ஏஜென்டுக்கு இடமே இல்லை. ‘பரீட்சை இல்லாமல் கொரியாவில் தொழிற்சாலை வேலை’ என்று ஒருவர் சொன்னால் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம்.

இனிக் கடதாசிக்கு வருகிறேன். ஒரு தம்பி போனில் பிடிஎப் ஒன்றைக் கொண்டுவந்து, “அன்ரி, கலரில எடுங்க” என்றான். கனடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் கிளீனர் வேலை. மாதம் 4,800 டொலர், தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் இலவசம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹோட்டலின் இலச்சினை புள்ளி புள்ளியாக உடைந்தது, அதாவது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. கடிதம் முழுக்க ஒரு எழுத்துரு, அவனுடைய பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் மட்டும் வேறொன்று. அடியில் இருந்த மின்னஞ்சல், ஹோட்டலின் பெயரைப் போட்டு ஜிமெயிலில் முடிந்தது. கடைசி வரியில், பதிவுக் கட்டணம் 85,000 ரூபாவை 48 மணித்தியாலத்துக்குள் கட்ட வேண்டும் என்று, கணக்கு நம்பரோடு. கணக்கோ இலங்கை வங்கியொன்றில், தனியாள் பெயரில்.

“இந்த ஹோட்டலுக்கு நீ விண்ணப்பித்தாயா?” என்றேன். இல்லையாம். நேர்முகம்? வட்ஸ்அப்பில் நாலைந்து மெசேஜ். கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி அரசாங்கத்துக்கு ஆளுக்கு 1,000 டொலர் கட்டி அனுமதி எடுக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அந்தக் காசை வேலைக்காரனிடம் அறவிடக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம் என்று விளங்கப்படுத்தினேன். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிரிண்டை எடுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் காசு கட்டவில்லை என்று பிறகு தாய் வந்து சொன்னார்.

விசாவில் முதலில் தேட வேண்டியது அதன் வகை. விசிட் என்றோ டூரிஸ்ட் என்றோ இருந்தால் அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கான விசா. ‘போய் இறங்கினதும் மாத்தித் தருவம்’ என்பது பழைய கதை. 2022இல் ஓமானில் சிக்கித் தவித்த எங்கள் நாட்டுப் பெண்களில் பலர் விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள்தான். இப்படிப் போனால் பணியகத்தில் பதிவு இருக்காது, பதிவோடு வரும் காப்புறுதியும் இருக்காது. வேலை விசா என்றால் அதில் போட்டிருக்கும் தொழிலையும் பாருங்கள். வாய்ப்பேச்சில் சாரதி, விசாவில் ஆடு மேய்ப்பவர் என்றால் அங்கே போய் மேய்க்கத்தான் வேண்டும். கட்டார், அமீரகம் போன்ற நாடுகளின் அரசாங்கத் தளங்களில் விசா நம்பரைப் போட்டுச் சரிபார்க்கலாம். கடைக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

காசு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. கையில் கொடுக்க வேண்டாம். தனியாள் கணக்குக்கும் போட வேண்டாம். ஏஜென்சியின் பெயரில் ரசீது வேண்டும், அதில் எதற்கான காசு என்று எழுதியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டி வந்தால் அதற்கும் எழுத்தில் ஒன்று வாங்குங்கள். தோட்டை அடகு வைக்க முன்னாவது இதைச் செய்யுங்கள்.

காசே கேட்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் மோசம். தாய்லாந்தில் கணினி வேலை, ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்தால் போதும், டிக்கெட்டும் இலவசம் என்பார்கள். இப்படிப் போன இலங்கைப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய், முகாமில் அடைத்து, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் வேலை செய்ய வைத்தார்கள். 2024இல் மீட்கப்பட்டு வந்தவர்கள் அடி வாங்கிய கதையைச் சொன்னார்கள். அதே வருடம் ஓய்வுபெற்ற படையினரை நல்ல சம்பளம் என்று ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய்ப் போர்முனையில் விட்டதும் செய்தியில் வந்தது. சம்பளம் பெரிது, அனுபவம் தேவையில்லை, உடனே வா என்று மூன்றும் சேர்ந்து வந்தால் இலவச டிக்கெட்டைப் பார்த்துச் சந்தோசப்படாதீர்கள்.

வீட்டிலிருந்து செய்யும் வேலை என்று டெலிகிராமில் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதல் நாள் 500, 1,000 என்று உண்மையாகவே கணக்கில் போடுவார்கள். பிறகு நீங்கள் காசு போட்டால்தான் அடுத்த வேலை. அந்த இடத்தில் விலகிவிடுங்கள், வந்த 500 போதும். ஆனால் “உங்கட பேங்க் எக்கவுண்டையும் கார்டையும் தாங்க, மாதம் கமிஷன் தாறம்” என்பவரிடம் மட்டும் ஒருக்காலும் போக வேண்டாம். இன்னொருவரை ஏமாற்றிய காசு உங்கள் பெயரில் வந்து போகும், பொலிஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சரி, ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால்? வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் அந்த நம்பரை பிளொக் பண்ண முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். குரல் பதிவுகளையும் சேமித்து வையுங்கள். ஸ்லிப் மங்கிப்போகும், அன்றைக்கே கொப்பி எடுங்கள். காசு போட்டது இப்போதுதான் என்றால் முதலில் வங்கிக்கு ஓடுங்கள். பிறகு பணியகத்துக்கும் பொலிசுக்கும் எழுத்தில் முறைப்பாடு. முறைப்பாடு போனதும் காசு வாங்கிய மாமா உங்கள் வீட்டுக்கு வருவார், “பாதிக் காசு தாறன், கேஸை வாபஸ் எடு” என்பார். முழுக் காசும் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். அசல் ஸ்லிப்பையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம், பொலிஸ் கேட்டால் மட்டும் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு கொடுங்கள். இன்னொன்று, நீங்கள் ஏமாந்த கதை பேஸ்புக்கில் வந்தால், ‘உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஒருவர் நிச்சயம் மெசேஜ் போடுவார். அவரையும் முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.