மலை தாண்டுறதுக்கு முன்னாடி காப்பீட்டு கார்டைப் பாருங்க

செங்கோட்டை, புளியரை பக்கம் நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், நெஞ்சு வலின்னாலும் சரி கட்டின்னாலும் சரி உடனே வண்டியப் பிடிச்சு ஆரியங்காவு வழியா திருவனந்தபுரம்தான். எங்க சித்தப்பாவையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம், அட்மிஷன் போடுறப்பதான் சொல்லுதாங்க, உங்க முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இங்க எடுக்காதுன்னு. சித்தியோட அட்டிகை அன்னைக்கே அடகுக்குப் போச்சு.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரி நம்ம காப்பீட்டுத் திட்ட லிஸ்ட்ல இருக்கான்னு போன் போட்டு கேட்டுருங்க. கார்டே இல்லன்னா, குடும்ப வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு தென்காசி கலெக்டர் ஆபீஸ் போங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, பழைய வியாதின்னு தள்ளவும் மாட்டாங்க. கேரளாவுலயும் காருண்யா ஆரோக்ய சுரக்‌ஷா திட்டத்துல 5 லட்சம்தான், ஆனா அது அவங்க ஊர் குடும்பங்களுக்கு, புனலூர்ல கட்டிக்குடுத்த பொண்ணோட பேரை இன்னும் நம்ம ரேஷன் கார்டுலயே வச்சிருக்கவங்க கொஞ்சம் யோசிங்க.

ஆக்சிடெண்ட் கதை வேற. இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம் லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரில ஒரு வரம்பு வரைக்கும் காசு கட்ட வேண்டாம், விபத்து தமிழ்நாட்டுக்குள்ள நடந்திருந்தா போதும், புளியரை எஸ் வளைவுல விழுந்தவர் கேரளாக்காரரா இருந்தாலும் சரி.

பிரைவேட் பாலிசி எடுக்குறவங்க பிரீமியத்த மட்டும் பாக்காதீங்க, ரூம் வாடகை லிமிட்டப் பாருங்க. எங்க மச்சானுக்கு 3 லட்சம் பாலிசி, ஒரு நாள் ரூமுக்கு பாலிசித் தொகையில 1 சதவீதம், அதாவது 3,000. இவரு காத்து வரட்டும்னு 6,000 ரூபா ரூம் எடுத்தாரு, லிமிட் அதுல பாதிதான்கிறதால, ரூம் வாடகை மட்டுமில்ல, டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜ் எல்லாத்துலயும் பாதிதான் குடுத்தாங்க. (மருந்து பில்லு தப்பிச்சுது.) சுகர் இருந்தா மறைக்காம எழுதுங்க, ஏற்கெனவே உள்ள வியாதிக்கு அதிகபட்சம் 3 வருஷம்தான் காத்திருக்க வைக்கலாம்னு 2024ல விதி வந்தாச்சு, மறைச்சா கிளைமே போயிரும்.

அப்பவும் பணம் பத்தலன்னா சொசைட்டில நகைக்கடன் கேளுங்க, கந்துவட்டி பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரிஜினல் பில்லு, சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டு எல்லாத்துலயும் சீல் இருக்கான்னு பாத்துட்டு பஸ் ஏறுங்க, ஒரே ஒரு சீலுக்காக நான் மறுபடியும் மலை தாண்டிப் போய்ட்டு வந்தேன்.