காலேஜ் லேப் அட்மின் வேலைல இருந்துகிட்டே ஏடபிள்யூஎஸ் சர்டிபிகேஷன் முடிக்கிறது எப்படி

காலேஜ்ல சிஸ்டம் அட்மின்னா பிரின்டர்ல பேப்பர் சிக்கினாலும் நம்மள தான் கூப்பிடுவாங்க, புரொஜெக்டர் எரியலனாலும் நம்மள தான். ஆனா அதே ஆள் தான் 60 சிஸ்டம் லேப்புக்கு தானா ஐபி குடுக்கற டிஹெச்சிபி போட்டு, ஃபயர்வால் ரூல் எழுதி, பிராக்டிகல் அன்னைக்கு சர்வர் படுத்துடாம பாத்துக்கிறது. இந்த அனுபவத்தோட ஏடபிள்யூஎஸ்ஸோட (சர்வர், ஸ்டோரேஜ் எல்லாம் வாடகைக்கு விடற அமேசானோட கிளவுட்) சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எக்ஸாமுக்கு படிச்சா நெட்வொர்க் பக்கம் பெரிய கஷ்டம் இருக்காது, நம்மள கவுக்குறது வேற ஒண்ணு, அத கீழ சொல்றேன்.

மொதல்ல எக்ஸாம் பத்தி. இப்ப இருக்கற வெர்ஷன் எஸ்ஏஏ-சி03. 65 கேள்வி, 130 நிமிஷம், 1000க்கு 720 எடுத்தா பாஸ், ஃபீஸ் 150 டாலர், வரி தனி. அந்த 65ல 15 கேள்விக்கு மார்க்கே கிடையாது, ஆனா எது அந்த 15ன்னு நமக்கு தெரியாது. நெகட்டிவ் மார்க் இல்ல, அதனால எதையும் காலியா விடாதீங்க. இதுக்கு முன்னாடி அடிப்படை எக்ஸாமான கிளவுட் பிராக்டிஷனர் எழுதணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, கட்டாயம் இல்ல, சர்வர் தொட்டு பழகின ஆளா இருந்தா அந்த 100 டாலர மிச்சம் பண்ணுங்க.

பிராக்டிஸுக்கு ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட் தொடங்கும்போது காலேஜ் மெயில் ஐடி போடாதீங்க, நாளைக்கு வேலைய விட்டா மெயிலும் போயிடும், முழு அதிகாரம் உள்ள ரூட் லாகினும் போயிடும். சொந்த மெயில் போட்டு, ரூட்டுக்கு எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) வச்சு, அன்னைக்கே பட்ஜெட் அலர்ட்டும் போட்டுடுங்க. நான் அலர்ட் போடாம ஒரு நேட் கேட்வேய (உள் நெட்வொர்க் மெஷின்கள் இன்டர்நெட்டுக்கு போற வழி) ஓட விட்டுட்டு ஊருக்கு பொங்கலுக்கு போயிட்டேன், வர்ஜீனியா ரீஜியன்ல மணிக்கு 0.045 டாலர், கேக்க சில்லறை மாதிரி தான் இருக்கும், ஆனா மாசம் முழுக்க ஓடினா 32 டாலர தாண்டும். பப்ளிக் ஐபிவி4க்கும் 2024 பிப்ரவரிலேர்ந்து மணிக்கு 0.005 டாலர் போடுறாங்க. பிராக்டிஸ் முடிஞ்சதும் ஒவ்வொண்ணா அழிச்சிட்டு எந்திரிங்க, லேப் பூட்டும்போது மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ற மாதிரி.

உங்க காலேஜ் ஏடபிள்யூஎஸ் அகாடமில (காலேஜ்களுக்குன்னு அவங்க நடத்துற கிளவுட் பாடத்திட்டம்) சேர்ந்திருக்கான்னு ஹெச்ஓடிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. சேர்றதுக்கு காலேஜ் காசு கட்ட வேண்டியதில்ல, அங்க லேப் வசதியும் இருக்கு.

இப்ப படிப்பு. விபிசிய (ஏடபிள்யூஎஸ்குள்ள நமக்குன்னு இருக்கற தனி நெட்வொர்க்) உங்க கேம்பஸ் நெட்வொர்க்கா நினைச்சுக்கோங்க, சப்நெட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு லேப். ஆனா மொத்தம் 256 ஐபி இருக்கற ஸ்லாஷ் 24ல எத்தன ஐபி கிடைக்கும்னு கேட்டா நம்ம கை தானா 254ன்னு எழுதும், அது இங்க தப்பு, ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்லயும் 5 ஐபிய எடுத்துக்கும், மிச்சம் 251. விபிசில பிராட்காஸ்ட்டே கிடையாது, ஆனாலும் வழக்கமா அதுக்குன்னு இருக்கற கடைசி ஐபிய பிடிச்சு வச்சிருக்கான்! அடுத்து செக்யூரிட்டி குரூப், சர்வருக்கு போடற ஃபயர்வால், இது ஸ்டேட்ஃபுல், உள்ள விட்டதுக்கு பதில் தானா வெளிய போகும், இதுல அலோ மட்டும் தான் எழுத முடியும். சப்நெட்டுக்கு போடற ஃபயர்வாலான நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ், போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனியா எழுதணும், சின்ன நம்பர் ரூல் மொதல்ல பாக்கும். ஒரே ஒரு ஐபிய மட்டும் தடுக்கணும்னு கேள்வி வந்தா ஏசிஎல் பக்கம் போங்க.

ஸ்டோரேஜும் இதே மாதிரி தான். லினக்ஸ் லேப்ல என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல பகிர்ற ஃபைல்) ஹோம் டைரக்டரி குடுக்கறீங்கல்ல, அது இஎஃப்எஸ். பீரோவுல பூட்டி வச்சிருக்கற பழைய பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருக்கே, அது கிளேசியர் டீப் ஆர்க்கைவ், சாதாரணமா கேட்டா 12 மணி நேரத்துக்குள்ள தான் வரும். சர்வர்ல மாட்டற டிஸ்க்கான இபிஎஸ் ஒரே அவைலபிலிட்டி ஸோன்ல (ஒரு ரீஜியனுக்குள்ள இருக்கற தனி டேட்டா சென்டர் பகுதி) கட்டிப்போட்டது, வேற ஸோனுக்கு வேணும்னா ஸ்னாப்ஷாட் எடுத்து அங்க புதுசா உருவாக்கணும்.

சரி, கவுக்குறது எதுன்னு சொல்றேன்னேன்ல. நம்ம பழக்கம் தான். பட்ஜெட் இல்லாத இடத்துல வேல பாத்து பாத்து எதுவா இருந்தாலும் பழைய மெஷின்ல நாமளே இன்ஸ்டால் பண்ணி நேரத்துக்கு தானா ஓடற ஒரு கிரான் ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டிடலாம்னு தான் புத்தி போகும். எக்ஸாம்ல மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் விழுந்தா இன்னொண்ணுக்கு தானா மாறணும், "லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்" (பராமரிப்பு வேலை ரொம்ப கம்மி) வேணும்னு கேப்பாங்க, நான் பிராக்டிஸ் டெஸ்ட்ல ரெண்டு இசி2 (வாடகை சர்வர்) வச்சு ரெப்ளிகேஷன் பண்ற ஆப்ஷனயே திரும்ப திரும்ப டிக் பண்ணி மார்க் விட்டேன், விடை ஆர்டிஎஸ் மல்டி ஏஸெட் (ஏடபிள்யூஎஸ்ஸே பாத்துக்கிற டேட்டாபேஸ், வேற ஸோன்ல தயாரா ஒரு காப்பியோட). ஸ்கிரிப்ட்ல பாஸ்வேர்ட் எழுதி வைக்கிறதும் நம்ம வழக்கம் தான, அங்க ஐஏஎம் ரோல் (பாஸ்வேர்ட் எழுதாம சர்வருக்கே குடுக்கற அனுமதி) தான் சரி. கேள்வியோட கடைசி வரிய மொதல்ல படிங்க, செலவு கம்மியா வேணுமா வேலை கம்மியா வேணுமான்னு அதுல தான் இருக்கும். தப்பான ஒவ்வொரு விடைக்கும் ஏன் தப்புன்னு ஒரு நோட்டுல ஒரு வரி எழுதுங்க, எனக்கு வீடியோ பாத்ததவிட அந்த நோட்டு தான் உதவிச்சு.

நேரத்துக்கு தினம் ஒரு மணி நேரம் வச்சு 3 மாசம் போதும். ஆனா பிராக்டிகல் நடக்குற வாரமும் கோர்ஸ் அங்கீகாரத்துக்கு என்பிஏ விசிட் வர்ற வாரமும் புக்க தொட முடியாது, அத மொதல்லயே கழிச்சு கணக்கு போடுங்க. செமஸ்டர் லீவுல எக்ஸாம் தேதி வர்ற மாதிரி பாருங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கு 30 நிமிஷம் கூடுதலா தர்றாங்க, ஆனா தேதி எடுக்கறதுக்கு முன்னாடியே அக்கவுண்ட்ல கேட்டு வாங்கணும், அப்புறம் 160 நிமிஷம். இன்னொண்ணு நம்மூர் இனிஷியல் தொல்லை, ஐடி கார்டுல பேரு எப்படி இருக்கோ அப்படியே புரொஃபைல்லயும் இருக்கணும், ஒண்ணுல இனிஷியலும் இன்னொண்ணுல அப்பா பேரு முழுசாவும் இருந்தா அங்க போய் நின்னு விளக்கம் சொல்லிட்டிருக்கணும். வீட்லேர்ந்தும் எழுதலாம், ஆனா நடுவுல கரண்ட் போனா யார்கிட்ட சொல்றது, நான் சென்டருக்கே போனேன்.

ஃபெயில் ஆனா 14 நாள் கழிச்சு திரும்ப எழுதலாம், ஃபீஸும் திரும்ப கட்டணும். பாஸ் ஆனா 3 வருஷம் செல்லும், அடுத்த எக்ஸாமுக்கு பாதி ஃபீஸ் தள்ளுபடியும் வரும். அத வச்சு கிளவுட்ஆப்ஸ் இன்ஜினியர் எழுதுங்க, முன்னாடி சிஸ்ஆப்ஸ்னு இருந்தது தான், மானிட்டரிங், பேட்ச், பேக்கப்னு முழுக்க நம்ம லேப் வேலையே.