டேக்ஆஃப் ஓட்டத்தில் விமானத்தின் மூக்கு விலகாமல் காப்பது எப்படி?

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுவதும் திறந்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழல்வதால், அது பின்னே தள்ளும் காற்று உடற்பகுதியைச் சுற்றித் திருகிச் சென்று செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்புறம் ஒதுங்க, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. எதிர்த்திசையில் சுழலும் புரொப்பெல்லர் கொண்ட யாக்-52 விமானத்தில் இதே இழுப்பு வலப்பக்கம் இருக்கும்.

பயிற்சியில் போதிய அழுத்தம் பெறாத ஒன்று, இருக்கையின் பூட்டு. பூட்டு ஊசி, இருக்கை நகரும் தண்டவாளத்தின் துளையில் சரியாக விழாத இருக்கை, விமானம் வேகமெடுக்கும்போது பின்னால் வழுக்கினால், கால் பெடலை விட்டு நழுவுவதோடு, கை தன்னையறியாமல் யோக்கைப் (மூக்கை ஏற்றி இறக்கவும் விமானத்தைச் சாய்க்கவும் உதவும் கைப்பிடியை) பற்றி இழுத்துவிடும். ஆகவே எஞ்சினை இயக்கும் முன் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஓடுபாதையின் நடுக்கோட்டில் சில மீட்டர் உருண்டு மூக்குச் சக்கரத்தை நேராக்கிய பின், குதிகால்களைத் தரையில் ஊன்றி, பெடலின் மேற்புறத்திலுள்ள பிரேக்கில் படாதவாறு பாதங்களை வைத்துக்கொண்டு, திராட்டிலைச் சீராகத் திறந்தபடியே வலது ரடர் (செங்குத்து வாலில் அசையும் சுக்கான்) பெடலை அழுத்துங்கள். பார்வை ஓடுபாதையின் கடைக்கோடியில் இருக்கட்டும். மூக்கின் அருகே பார்ப்பவருக்கு விலகல் தாமதமாகவே தெரியும். வேகம் கூடக்கூட ரடருக்கு வலு ஏறுவதால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்யாமல் மிதித்தபடியே இருப்பதால்தான் பலருடைய விமானம் பாம்புபோல் நெளிகிறது.

இடப்பக்கக் குறுக்குக்காற்று அந்த இழுப்பை இன்னும் கூட்டும். ஓடுபாதைக்கு 30 பாகைக் கோணத்தில் வீசும் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்றில் குறுக்காக வருவது 10 நாட். யோக்கைக் காற்று வரும் பக்கம் முழுவதும் திருப்பித் தொடங்கி, வேகம் ஏறும்போது ஏலரானை (யோக்கைத் திருப்பினால் அசையும் இறக்கைத் தட்டை)ச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். யோக்கை முன்னே தள்ளி மூக்குச் சக்கரத்தின்மேல் பாரம் ஏற்றுவது, நேராக ஓட உதவுவதுபோல் தோன்றினாலும், திசையைக் கெடுக்கவே செய்யும்.

ரடரை முழுவதும் மிதித்தும் விலகல் நிற்கவில்லையெனில் தயங்காமல் திராட்டிலை மூடுங்கள். இழுப்பின் காரணமே அதனுடன் பெருமளவு ஒழிந்துவிடும். பிறகு ரடரால் நேராக்கி, இரு பிரேக்குகளையும் சமமாக அழுத்தி நிறுத்துங்கள். ஓரத்துப் புல்லைத் தவிர்க்கவென்று, போதிய வேகம் வருமுன் யோக்கை இழுத்து எழும்புவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. தரையை ஒட்டியபடி ஸ்டால் ஆகும் (இறக்கையின் தூக்குவிசையை இழக்கும்) விமானத்தை மீட்க உயரமே இராது. ஓடுபாதையை விட்டு விலகி எஞ்சினை அணைத்து, டயரில் காற்று குறைந்துள்ளதா, ஒரு பக்கப் பிரேக் பிடித்துக்கொண்டுள்ளதா என்று சோதித்த பின்னரே மறுமுறை முயலலாம்.