சீலியாக் உள்ளவர் சிங்கப்பூரில் வெளியே சாப்பிட: முதலில் பெருங்காயத்தைக் கேளுங்கள்

கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்தான் சீலியாக். பரோட்டா, சப்பாத்தி, பூரி, மீ கோரேங் இவற்றில் கோதுமை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் இட்லிதானே சாப்பிடுகிறேன்" என்று நிம்மதியாக உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. இட்லிக்கு ஊற்றும் சாம்பார், தோசை சுடும் கல், உளுந்து வடை பொரியும் எண்ணெய் என்று கோதுமை வந்து சேரும் வழிகள் நம் கடைகளில் நிறைய. அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது எப்படி என்பதே இந்த விளக்கம்.

நோய் உறுதியானவர்களுக்காக எழுதியது இது. இன்னும் சந்தேக நிலையில் இருந்தால் கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும்.

கணக்கு: எவ்வளவு பட்டால் கெடுதல்?

ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவார்கள். தினமும் 50 மில்லிகிராம் போனால் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள்) சேதமாகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதாவது ரொட்டித் துண்டில் இருநூறில் ஒரு பங்கு அளவிலேயே எல்லை வந்துவிடுகிறது. பொட்டல உணவுக்கு "குளூட்டன் இல்லாதது" என்று போட சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான்.

கோதுமை மாவு 1 கிராமில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

வயிற்றுவலி வரவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பலருக்கு அறிகுறியே இல்லாமல் குடல் சேதம் நடக்கும். இரும்புச்சத்துக் குறைவும் எலும்பு பலவீனமும் பின்னால் தெரியவரும்.

படி 1: கடைக்குப் போகுமுன் உணவைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் உட்கார்ந்து மெனுவைப் பார்த்து யோசித்தால் பசி முடிவெடுத்துவிடும். வீட்டிலேயே இரண்டு பண்டங்களை முடிவு செய்துகொண்டு போங்கள். பொருள் குறைவாகவும், ஆவியில் வெந்ததாகவும் இருந்தால் நல்லது. இட்லி, இடியாப்பம், புட்டு, வெறும் சோறு ஆகியவை இந்த வகை. உணவங்காடி நிலையத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தரும் புட்டுமாயம், அரிசி மாவில் குலா மலாக்கா வைத்து அவிக்கும் பூத்து பீரிங் இரண்டும் என் முதல் தேர்வு. மாவு முழுக்க அரிசிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடவே கூடாதவை: ரவா தோசை, ரவா இட்லி, உப்புமா, கேசரி, சேமியா பாயசம், மைசூர் போண்டா, குலாப் ஜாமூன், கோபி மஞ்சூரியன். குடிப்பவற்றில் பார்லித் தண்ணீர், மைலோ, ஹார்லிக்ஸ், பீர். பார்லித் தண்ணீரை உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று பெரியவர்கள் அன்போடு வாங்கித் தருவார்கள். பார்லியிலும் குளூட்டன்தான்.

சைவக் கடைகளில் "மாக் மட்டன்", "சைவக் கோழி" என்று விற்பவை இன்னும் மோசம். அவற்றில் பல, மாவைக் கழுவி எடுத்த கோதுமைப் புரதம். சீனச் சைவக் கடையிலும் அப்படித்தான்.

படி 2: பெருங்காயம்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கடைகளில் விற்பது கலப்புப் பெருங்காயம். தனிப் பெருங்காயம் மிகக் காரமான பிசின். அதை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதால் மாவும் கருவேலம் பிசினும் சேர்க்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை, சிலவற்றில் அரிசி. மஞ்சள் பொடியாக வந்தாலும் கட்டியாக வந்தாலும் இதே நிலைதான். கட்டி என்றால் சுத்தம் என்று நினைப்பது தவறு.

கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேருக்கான சாம்பாரில் அரைத் தேக்கரண்டி தூள், அதாவது சுமார் ஒன்றரை கிராம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி கோதுமை மாவு என்றால் 60 முதல் 75 மில்லிகிராம் குளூட்டன், ஒருவர் பங்குக்கு 6 அல்லது 7. சாம்பார் ஒன்றோடு நிறுத்தினால் எல்லைக்குள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் வாழையிலைச் சாப்பாட்டில் சாம்பாரோடு ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று எல்லாவற்றிலும் பெருங்காயம். காலையில் இட்லிப் பொடி, மாலையில் முறுக்கு. கூட்டிப் பாருங்கள். சாம்பார் நீர்த்துப்போனால் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றும் சமையல்காரரும் உண்டு. ஒரு தேக்கரண்டி மைதா பத்துப் பேருக்கு என்றாலே தலைக்கு 20 முதல் 25 மில்லிகிராம்.

செய்ய வேண்டியது எளிது. பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பொட்டல உணவில் கோதுமை, பார்லி, ரை (rye), ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒரு வகைக் கோதுமை) இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது உணவு விதி. ஆகவே கோதுமை கலந்திருந்தால் டப்பாவில் இருக்கும். கடைக்காரர் சொல்லும் வார்த்தையைவிட டப்பாவில் அச்சிட்டதை நம்பலாம். தூளை வேறு சம்படத்தில் கொட்டி வைத்திருந்தால், லேபிள் போய்விட்டது, அந்தக் கடையில் சாம்பார் வேண்டாம்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல் நமக்குப் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது நேர்மாறு: அவை இல்லாத இடத்தை ஈடுகட்டப் பெருங்காயத்தைத் தாராளமாகப் போடுவார்கள். கோயில் அன்னதானத்திலும் புளியோதரை, சுண்டல் இரண்டையும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். கேசரி ரவை என்பது சொல்ல வேண்டியதில்லை.

அசைவக் குழம்புகளில் பெருங்காயம் வழக்கமாகச் சேராது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய வசதி. கறித்தூளை மட்டும் கேளுங்கள். சில கலவைகளில் மாவு இருக்கும். சைவர்களுக்குப் பாதை குறுகல்தான். தாளிக்காத தேங்காய்ச் சட்னி, தயிர், சோறு என்று தொடங்கி, டப்பாவைக் காட்டும் கடை கிடைத்த பிறகு விரிவாக்கலாம்.

படி 3: கல், எண்ணெய், தண்ணீர்

குளூட்டன் ஒரு புரதம். சூட்டில் அது அழிந்துவிடாது. கிருமிபோல் கொதிக்கவைத்துக் கொல்ல முடியாது.

பரோட்டா போடும் கல்லிலேயே தோசை ஊற்றும் கடைகள் தேக்காவில் மட்டுமல்ல, தீவு முழுக்க இருக்கின்றன. கல்லைத் துடைத்துவிட்டு ஊற்றுகிறேன் என்பார்கள். துடைக்கும் துணியும் அதே துணிதான். தனிக் கல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தோசையை விட்டுவிட்டு இட்லிக்குப் போங்கள். தோசை மாவிலேயே முறுகலுக்கு ரவையோ மைதாவோ கலப்பதும் உண்டு, அதையும் கேட்க வேண்டும். இட்லியிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ரவா இட்லி செய்யும் கடையில் தட்டுகள் பொதுவாக இருக்கலாம்.

வடை, அப்பளம், மீன் வறுவல் பொரியும் சட்டியில் சமோசாவும் பூரியும் விழுந்திருக்கும். தனி எண்ணெய் என்று உறுதி இல்லாதவரை பொரித்த எதையும் தவிர்ப்பதே என் முடிவு. மீன் வறுவலில் மேற்பூச்சு ரவையா என்றும் பாருங்கள். தந்தூரிக் கோழி சுடும் அடுப்பின் சுவரில்தான் நான் ரொட்டியும் ஒட்டப்படுகிறது.

பிரியாணி நல்ல தேர்வு. ஆனால் தம் போடும்போது மூடியைக் கோதுமை மாவால் ஒட்டுவார்கள். மூடியைத் திறக்கையில் மாவுத் துண்டு சோற்றில் விழும். எப்படி மூடுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நூடல்ஸ் கடையில் பீஹூன், குவே தியாவ் பெரும்பாலும் அரிசியால் செய்தவை. அவற்றை மஞ்சள் மீ வெந்த அதே தண்ணீரில், அதே வடிகரண்டியில்தான் முக்கி எடுக்கிறார்கள். மேலே ஊற்றும் சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்ந்தவை.

படி 4: கேட்கும் விதம்

"குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தச் சொல் பலருக்குத் தெரியாது. "கோதுமை ஒத்துக்காது" என்றால் பரோட்டாவை மட்டும் நினைத்துக்கொள்வார்கள். பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

"அண்ணே, எனக்குக் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் குடல் கெட்டுப்போகும், டாக்டர் சொல்லியிருக்காரு. சாம்பார்ல என்ன பெருங்காயம் போடுறீங்க? டப்பாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"டாக்டர்" என்ற சொல் முக்கியம். உடம்பு இளைக்க விரதம் இருப்பவர் என்று எண்ணிவிட்டால் கவனம் குறையும். மலாய்க் கடையில் "தெப்போங் கண்டும்" என்றால் கோதுமை மாவு, "கிச்சாப்" என்றால் சோயா சாஸ். இரண்டும் கூடாது என்று சொல்லுங்கள். சீன அங்கிள், ஆன்ட்டி கடைகளுக்கு மாண்டரினில் அச்சிட்ட அட்டை ஒன்று வைத்திருப்பது நல்லது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அட்டை செய்யாமல், மாண்டரின் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். மதியம் 12 முதல் 2 வரை யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. பிற்பகல் 3 மணிக்கு மேல் போய் ஒரு தே ஓ குடித்துக்கொண்டே விசாரித்து வையுங்கள்; சாப்பிட இன்னொரு நாள், கடை திறந்த உடனே, கல்லும் கரண்டியும் சுத்தமாக இருக்கும்போது போங்கள். பெரிய உணவகத்தைவிட, சமைப்பவரே முன்னால் நிற்கும் சிறிய கடையை நான் பரிந்துரைப்பேன். பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டு வரும் பதிலில் பாதி தொலைந்துவிடும்.

படி 5: கையில் வைத்திருக்க வேண்டியவை

சொந்தக் கரண்டி, கோதுமை சேராத தாமரி சாஸ் சிறு புட்டியில் (தாமரி ஒரு வகைச் சோயா சாஸ்; தாமரி என்றாலே கோதுமை இல்லை என்று அர்த்தமில்லை, லேபிளைப் பாருங்கள்), அவசரத்துக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. இவ்வளவு போதும்.

குளூட்டன் சோதனைப் பட்டைகளை நான் பரிந்துரைக்கவில்லை. தட்டின் ஒரு மூலையில் எடுத்த துளி சுத்தமாக இருந்தால் மறு மூலையும் சுத்தம் என்றாகாது. சோயா சாஸ், பீர் போன்ற நொதித்த பொருள்களில் புரதம் துண்டுதுண்டாக உடைந்திருப்பதால் சாதாரணப் பட்டைகள் தவறவிடும். குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் நொதி மாத்திரைகளும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாகாது. கைக்கிருமிநாசினி கிருமியைக் கொல்லும், மாவை அகற்றாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

மாற்று மருந்து எதுவும் இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஓய்வெடுங்கள், எந்தக் கடை, என்ன பண்டம், எத்தனை மணி என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். அறிகுறி சில மணி நேரத்திலும் வரலாம், மறுநாளும் வரலாம் என்பதால் கடைசியாகச் சாப்பிட்டதைமட்டும் குற்றம் சொல்ல முடியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு இறங்காமல் நின்றால், வெளியே சாப்பிடும் கடைகளின் பட்டியலை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

உணவு விநியோகச் செயலியில் குறிப்பு எழுதினால் போதாதா? போதாது. அந்தக் குறிப்பு சமைப்பவர் கண்ணில் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே விசாரித்த கடையாக இருந்தாலும் நேரில் போய் வாங்குங்கள்.

ஓட்ஸ் தோசை? ஓட்ஸ் விளையும், அரைபடும் இடங்களில் கோதுமை கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று குறித்த ஓட்ஸைக்கூட மருத்துவரிடம் கேட்டபின் வீட்டில் மட்டும். கேழ்வரகு, கம்பு, தினை தானியமாகப் பிரச்சினையில்லை. கடையில் கேழ்வரகுத் தோசைக்கு மைதா கலப்பது உண்டா என்று கேளுங்கள்.

திருமண விருந்து? "ஒரு வாய்தானே" என்ற வற்புறுத்தல் அங்கே அதிகம். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே வீட்டாரிடம் சமையல்காரரின் எண்ணை வாங்கிப் பேசிவிடுங்கள். பந்தி தொடங்குமுன், கரண்டிகள் மாறிப்போகாத நேரத்தில், வெறும் சோறும் தயிரும் சமையலறையிலிருந்தே தனித் தட்டில் எடுத்துவைக்கச் சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். அப்பளம் வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சோற்றின்மேல் வைத்துத்தான் கொண்டுவருவார்கள்.