பேஸ் குடுத்துட்டாங்க, வீடு எங்க பாக்குறது?

பைலட்டா சேந்ததும் பேஸ், அதாவது நம்ம டூட்டி ஆரம்பிச்சு முடியுற ஏர்போர்ட், எதுன்னு மெயில் வந்த அன்னைக்கே வீட்டு புரோக்கருக்கு போன் போடுற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், நானும் அப்படி போட்டவன்தான், அதனால மொதல்லயே சொல்லிடுறேன், முதல் வருஷம் வீடு வாங்காதீங்க. வாடகைக்கு போங்க, அதுவும் சட்டுனு காலி பண்ண முடியுற மாதிரி அக்ரிமென்ட் போட்டு போங்க. பேஸ் உங்க கையில இல்ல, சீனியாரிட்டி லிஸ்ட்ல உங்க நம்பர் என்ன, கம்பெனி எந்த பிளேன எங்க நிறுத்தப் போகுதுங்கிறத பொறுத்தது. வேற டைப் பிளேனுக்கு மாத்துவாங்க, கேப்டன் அப்கிரேடு வேற ஊர்ல வரும், சில சமயம் பேஸயே இழுத்து மூடிடுவாங்க.

அடுத்து, ரிசர்வ்ல, அதாவது கூப்பிட்டா வர்றதுக்கு ரெடியா காத்திருக்குற டூட்டில, இருக்கீங்களா இல்ல ரோஸ்டர்ங்கிற டூட்டி அட்டவணை முன்னாடியே கைக்கு வருதா? புதுசா சேந்தவங்க பெரும்பாலும் ரிசர்வ்தான். கூப்பிட்டா எத்தன மணி நேரத்துல வந்து நிக்கணும்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அந்த நம்பர்ல இருந்துதான் வீட்டுக் கணக்கே ஆரம்பிக்குது. உதாரணத்துக்கு ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோங்க. குளிச்சு யூனிஃபார்ம் மாட்டி பையத் தூக்க அரை மணி, பார்க்கிங்ல வண்டிய விட்டு ஸ்டாஃப் பஸ் புடிச்சு செக்யூரிட்டி தாண்ட இன்னொரு அரை மணி, ரோட்டுல ஏதாவது மாட்டிக்கிட்டா அதுக்கு ஒரு இருபது நிமிஷம். மிச்சம் நாப்பது நிமிஷம், அவ்ளோதான் உங்க எல்லை. மேப்ல கிலோமீட்டர் பாத்து ஏமாறாதீங்க, காலைல நாலு மணிக்கு ஒரு தடவ, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவ நீங்களே ஓட்டிப் பாருங்க. ட்ரெயின நம்பி வீடு எடுக்குறவங்க மொத ட்ரெயின் எப்போ, கடைசி ட்ரெயின் எப்போன்னு பாருங்க, ஏன்னா நம்ம ரிப்போர்ட்டிங் டைம் பாதி நாள் மொத ட்ரெயினுக்கு முன்னாடிதான் இருக்கும்.

ஐரோப்பாவுல விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா (EASA) வழிகாட்டுதல்லயே இது இருக்கு, வீட்ல இருந்து பேஸுக்கு வழக்கமா 90 நிமிஷத்துக்கு மேல ஆகுதுன்னா பக்கத்துல தற்காலிகமா ஒரு இடம் பாத்துக்கிறத யோசிங்கன்னு. ரிசர்வ்ல இருக்குறவனுக்கு அந்த 90 நிமிஷமே ஜாஸ்திங்கிறது என் கருத்து.

இப்போ பெரிய கேள்வி, வேற ஊர்ல இருந்துக்கிட்டு பேஸுக்கு பறந்து வந்து போறது, அதான் கம்யூட் பண்றது. மாசம் நாலு ட்ரிப்னா எட்டு தடவ கம்யூட். அதுல பாதிக்கு முந்துன நாளே கெளம்பணும் இல்ல மறுநாள்தான் வீடு வர முடியும்னா, மாசத்துக்கு நாலு லீவு நாள் போச்சு, வருஷத்துக்கு 48. சம்பளம் இல்லாத 48 நாள். இதுவே ஷார்ட்ஹால்ல, அதாவது கிட்டத்து ரூட்ல, தினமும் வீடு திரும்புற மாதிரி ரோஸ்டர்னா கம்யூட்டே வேணாம், லாங்ஹால்ல, அதாவது தூரத்து ரூட்ல, மாசத்துக்கு மூணு நாலு ட்ரிப் மட்டும்னா ஓரளவு ஓட்டலாம். அந்த ரூட்ல ஒரு நாளைக்கு எத்தன ஃப்ளைட், ரெண்டு மூணு ஏர்லைன் ஓடுதா, கனெக்‌ஷன் இல்லாம நேரா வருதா, இதெல்லாம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரே ஒரு காலை ஃப்ளைட்ட நம்பி இருந்தேன் நான். சீட் மிச்சமிருந்தா மட்டும் ஏத்திக்கிற ஸ்டாண்ட்பை லிஸ்ட்ல என் பேர் மொத எடத்துல, ஒரு சீட் காலி, கதவ மூட ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மூச்சு வாங்க ஓடி வந்தாரு டிக்கெட் வாங்குன பாசஞ்சர், அவ்ளோதான். அன்னைக்கு சீஃப் பைலட்டுக்கு போன் பண்ணும்போது தொண்டைல வார்த்தையே வரல. அப்புறம் எப்பவும் எனக்குப் பின்னாடி இன்னொரு ஃப்ளைட் மிச்சம் இருக்குற மாதிரிதான் கெளம்புவேன்.

கம்யூட் நேரம் டூட்டில சேராது, ஆனா தூங்கி எழுந்து ஃபிட்டா வந்து நிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. 2009 பிப்ரவரில அமெரிக்காவுல பஃபலோ பக்கத்துல விழுந்த கோல்கன் 3407 ஃப்ளைட், 50 பேர் செத்தாங்க. அதோட ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட், ராத்திரி முழுக்க சியாட்டில்ல இருந்து பறந்து நெவார்க் பேஸுக்கு வந்தவங்க, கேப்டன் முந்துன ராத்திரி க்ரூ ரூம்லயே படுத்திருந்தாரு. விபத்துக்கு அதுதான் காரணம்னு விசாரணைல முடிவா சொல்லல, ஆனா களைப்பு ரெண்டு பேரையும் பாதிச்சிருக்கலாம்னு பதிவு பண்ணாங்க. கம்யூட் பண்றவங்க இத ஒரு தடவயாவது உக்காந்து படிங்க.

கம்யூட்தான்னு ஆயிடுச்சுன்னா கிராஷ் பேட் வேணும். பல பேர் சேந்து எடுக்குற அபார்ட்மென்ட், ரூமுக்கு ரெண்டு மூணு பங்க் பெட். உங்களுக்குன்னு தனி பெட்டா, இல்ல வர்றவன் காலியா இருக்குற பெட்ல படுத்துக்கணுமான்னு மொதல்லயே கேளுங்க, காசு கொஞ்சம் கூடப் போனாலும் தனி பெட்டே எடுங்க, அடுத்தவன் தலகாணில ஒரு வாரம் படுத்தா புரியும்.

வரி விஷயம் நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவுல பைலட் சம்பளத்துக்கு குடியிருக்குற மாநிலமும், சம்பளத்துல பாதிக்கு மேல எங்க சம்பாதிக்கிறாரோ அந்த மாநிலமும் மட்டும்தான் மாநில வருமான வரி கேக்க முடியும், டெக்சாஸ், ஃப்ளோரிடாவுல அந்த வரியே இல்ல, அங்க பைலட்டுங்க குவியுறதுக்கு அதுவும் ஒரு காரணம். நாடு விட்டு நாடு கம்யூட்னா நல்ல ஆடிட்டர் கிட்ட போயிடுங்க.

வீட்ல இருக்குறவங்க வேலை, பசங்க ஸ்கூல், இதப் பத்தி நான் சொல்ல என்ன இருக்கு, ஆனா நீங்க நாலு நாள் இல்லாதப்போ பைப் உடைஞ்சா யார கூப்பிடுவாங்கன்னு மட்டும் வீடு பாக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

வீடு முடிவு பண்றதுக்கு முன்னாடி வேலை நாள்ல, காலைல பதினோரு மணிக்கு போங்க. நைட் ஃப்ளைட் முடிச்சு வந்து நாம தூங்குற நேரம் அதுதான். பெட்ரூம் கதவ சாத்தி பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. நான் ஞாயித்துக்கிழமை போயி பாத்தேன், ஊரே அமைதி, ஆஹான்னு அட்வான்ஸ் குடுத்தேன். திங்கக்கிழமை எட்டரைக்கு பின்பக்க சுவத்துக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம் ஆரம்பிச்சுச்சு, வெல்டிங் பட்டறை.