மலைக்கோட்டையும் மொட்டைக் கோபுரமும்: திருச்சியை எங்கே நின்று படம் பிடிப்பது?

என் அத்தை 1972இல் திருமணமாகிப் பினாங்குக்குக் கப்பலேறியவர். பிறகு ஊர் திரும்ப வாய்க்கவே இல்லை. இப்போது நடக்க முடியாது. ஒரு டிசம்பரில் நான் திருச்சிக்குப் புறப்பட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பாலத்தில் நின்றால் மலைக்கோட்டை தெரியுமே, அதை அப்படியே எடுத்துக்கொண்டு வா." காவிரிப் பாலத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, "பாறை கறுப்பாக இருக்கிறது, பிள்ளையார் கோயிலைக் காணோமே" என்றார். அவர் சொன்னது சரி. மலைக்கோட்டையின் வடமுகம் முழுவதும் நிழலில் கிடந்தது.

இடம் சரிதான், மாதம்தான் தவறு. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் பலரும் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரையோ டிசம்பர், ஜனவரியிலோ போகிறோம். திருச்சியில் இந்த இரண்டு பருவங்களுக்கும் நிற்க வேண்டிய இடங்கள் வேறு வேறு. காவிரிக்குத் தென்கரையில் மலைக்கோட்டை. வடகரையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, பகலெல்லாம் தெற்கே சாய்ந்தபடி போய்த் தென்மேற்கில் மறைகிறது. ஆகவே வெயில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் தென்முகத்தில் விழும். பாலத்திலிருந்து பார்ப்பவருக்கு மலைக்கோட்டை இருண்டு நிற்கும். ஆனி, ஆடியில் எல்லாம் தலைகீழ். சூரியன் எழுவதும் மறைவதும் வடக்கே தள்ளி என்பதால், காலையிலும் மாலையிலும் மலைக்கோட்டையின் வடமுகம் ஒளி பெறும்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் மலைக்கோட்டையின் மேல் ஏறுங்கள். உயரம் 273 அடி. 400க்கு மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். கடைசிப் படிகள் திறந்த பாறையில் ஏறுவதால் பதினொரு மணிக்கு மேல் கால் சுடும். நடை திறந்ததும் ஏறிவிடுவதே நல்லது. கேமராவுக்குச் சீட்டு வாங்க வேண்டுமா, முக்காலிக்கு அனுமதி உண்டா என்பதைக் கீழேயே கேட்டுக்கொண்டால் மேலே போய்த் திரும்ப இறங்க வேண்டியிராது.

உச்சியில் வடக்கே திரும்பி நின்றால் முதலில் காவிரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள், தோப்புகளுக்கு மேலே ராஜகோபுரம். நேர்கோட்டில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கைபேசியின் சாதாரண லென்ஸில் அது விரல் நகம் அளவுதான் வரும். ஜூம் லென்ஸ் இருந்தால் அவசியம் கொண்டுபோங்கள். வலப்பக்கம் திருவானைக்காவின் கோபுரங்கள். வெயில் ஏற ஏற ஆற்று மணலிலிருந்து கானல் எழுந்து கோபுரம் நெளியத் தொடங்கும், ஆகவே தொலைவுக் காட்சிகளை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பேறு. புழுதி அடங்கிக் கோபுரத்தின் நிலைகள் தனித்தனியாகத் தெரியும்.

மேற்கே தெப்பக்குளத்துக்கு அப்பால் லூர்து மாதா ஆலயத்தின் கூர்ங்கோபுரம். இன்னும் தள்ளிக் கண்ணை ஓட்டினால் நத்தர்வலி தர்கா இருக்கும் பகுதி. இந்தப் பக்கத்துக்கு மாலைதான் உகந்தது. ஆலயத்தின் கூர்முனை அந்திச் சிவப்பின் மேல் கோடுபோலத் தெரியும் சில நிமிடங்களுக்காகவே இரண்டாவது முறை ஏறலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்குத்தான் என் அத்தை கேட்ட காட்சி கிடைக்கும். காவிரிப் பாலத்தின் நடைபாதையில், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய்விடுங்கள். பேருந்து கடக்கும்போதெல்லாம் பாலம் அதிரும். முக்காலியில் வைத்த கேமராவிலும் அந்த நடுக்கம் பதியும். வண்டிகள் ஓய்ந்த இடைவெளி பார்த்துத் துண்டு துண்டாக எடுங்கள். பக்கத்துப் புதிய பாலம் எந்தப் பக்கம் மறைக்கிறது என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுவது நல்லது. ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பது மேட்டூரைப் பொறுத்தது. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். இல்லாத ஆண்டில் மணல்தான்.

வடகரையில் அம்மா மண்டபம் படித்துறையிலும் மலைக்கோட்டை நன்றாகத் தெரியும். பாலத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினால் ஆறு பாதி, பாறை பாதியாகக் காட்சி அமையும், அதிர்வும் இல்லை. ஆனால் அங்கே ஆட்கள் வருவது பெற்றோருக்குத் திதி கொடுக்க. ஈரவேட்டியோடு எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நமக்கு எந்த உரிமையும் இல்லை. அமாவாசை நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆடிப் பெருக்கன்று கூட்டத்தையே படமெடுக்க விரும்பினால் மட்டும் போங்கள்.

எந்த மாதமானாலும் கைவிடாத இடம் தெப்பக்குளத்தின் மேற்குக் கரை. மாலை நான்கரைக்கு மேல் வெயில் பாறையின் மேற்கு முகத்தில் நேராக விழும். குளத்தில் நீர் இருந்து காற்றும் அடங்கினால் மலை இரண்டாகத் தெரியும். கரையைச் சுற்றிக் கடைகள் நெருக்கி நிற்பதால் இடைவெளி தேட வேண்டியிருக்கும். ஒரு நாள் மாலை மட்டுமே கையில் இருப்பவர்கள் வேறெங்கும் அலையாமல் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி இங்கே நடந்து வந்துவிடுங்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் மேல்தளத்தில் ஏறிக் கோபுரங்களையும் பொன்வேய்ந்த விமானத்தையும் பார்க்கச் சீட்டுக் கொடுப்பது உண்டு. கோயில்களில் கைபேசியைத் தடைசெய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே வாசலில் கேட்டறியாமல் எதையும் வெளியே எடுக்காதீர்கள். வைகுண்ட ஏகாதசி நாட்களில் படமெடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டுப் பெருமாளைச் சேவியுங்கள்.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். 2022 பிப்ரவரி முதல் இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே இழக்க நேரும்.

என் அத்தைக்கு அடுத்த ஆடியில் மறுபடி எடுத்தேன். பாலத்திலிருந்து பாறை, உச்சியில் பிள்ளையார் கோயில், எல்லாம் தெளிவாக வந்தன. பிறகு ஸ்ரீரங்கத்துத் தெற்கு வாசலில் ராஜகோபுரத்தை எடுத்தேன். அவர் ஊரைவிட்டுப் போனபோது அது பல நூற்றாண்டுகளாக முடிக்கப்படாமல் நின்ற மொட்டைக் கோபுரம். 1987இல்தான் 236 அடிக்கு எழும்பிக் குடமுழுக்குக் கண்டது. மலைக்கோட்டையை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். கோபுரம் வந்ததும் திரையில் விரலை வைத்து நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். ஒன்பதை எட்டும்போது வீடியோவில் நான் கேமராவை வேறு பக்கம் திருப்பியிருந்தேன். பதின்மூன்று நிலைகள். 1987க்கு முன் ஊரைவிட்டுப் போன யாருக்காவது எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் கோபுரத்தின் மேல் ஒரு நிமிடமாவது கேமராவை அசைக்காமல் வைத்திருங்கள்.